பாற்பல்லும் இரவுப் பொழுதும்



விழாப் பந்தலில் பல்லைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். முன்வரிசைக் குழந்தைகள் பலரின் கையில் இந்நேரம் மிட்டாய் இருக்கிறது. ஆதலின் இதுவே தக்க இடம் என்று கருதுகிறேன்.

"பாற்பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது" என்னும் பேச்சை நாள்தோறும் கேட்கிறேன். பாற்பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்குவது உண்மையே. கடைவாய்ப் பாற்பற்களோ 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லோடு அக்குழந்தை ஏழெட்டு ஆண்டுகள் உண்ணவும் உறங்கவும் பாடம் கேட்கவும் வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருக்கும்; ஒரு பக்கமாகவே மெல்லும். நாம் அதனை அடம் என்று அதட்டுகிறோம். அப்பல்லைக் காலத்திற்கு முன்பே எடுக்க நேர்ந்தால், பின்னுள்ள பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் வளரும் நிலைப்பல்லின் வழியை அடைத்துவிடும்.

பூச்சிப்பல் என்கிறோம், அங்கே பூச்சி ஏதுமில்லை. பல்லின்மேல் படியும் மாவு போன்ற படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பை அமிலமாக்குகின்றன. ஒவ்வொரு முறை தின்ற பின்னும் ஏறத்தாழ அரைமணி நேரம் அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் அதனைத் தணித்து, இழந்த சுண்ணாம்புச் சத்தை மீட்டுத் தருகிறது. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதினும் எத்தனை முறை என்பதே பெரிது. சுவீடன் நாட்டின் விபெஹோல்ம் விடுதியில் 1940களில் மனவளர்ச்சி குன்றியோரிடம் நடத்திய ஆய்வு இதனைக் காட்டியது: உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையினும், இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாயே பற்களை மிகுதியாகக் கெடுத்தது. அறத்திற்கு ஒவ்வாத ஆய்வு அது. அம்மக்கள் பட்ட துன்பத்தால் நாம் பெற்ற அறிவையேனும் வீணாக்கலாகாது.

உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைந்துவிடும். பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் முதலில் கெடுவது இதனால்தான். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கத்தைப் பெரியவர்கள் கடைப்பிடிக்கிறோம். பிள்ளைக்கு மட்டும் ஒன்பது மணிக்குச் சர்க்கரைப் பாலும் பிஸ்கட்டும் தருகிறோம். பசிக்கும் குழந்தைக்கு உணவளிப்பது குற்றமன்று. அதன்பின் பல் துலக்காமல் படுக்க வைப்பதே குற்றம். காலையில் துலக்குவதினும் இரவில் துலக்குவது இன்றியமையாதது.

முனிவர்கள் பல் துலக்குவதில்லையே என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அது துறவியர்க்குரிய 28 மூலகுணங்களுள் ஒன்று; அவர்கள் நாளுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பவர்கள். நாளெல்லாம் கொறிக்கும் நாம் அதனைச் சான்று காட்டுதல் தகாது.

ஏழெட்டு வயது வரை பிள்ளைகளின் கை பல் துலக்கப் பழகியிருக்காது. அவர்கள் துலக்கிய பின் தாயோ தந்தையோ மறுமுறை துலக்கிவிட வேண்டும். மடியில் அமர்த்தித் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டால் வாய் நன்கு தெரியும். ஃபுளூரைடு கலந்த பற்பசை மூன்று வயது வரை அரிசி அளவு, பின்னர் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரப் படத்தில் வருவது போல் தூரிகை முழுதும் நிரப்ப வேண்டா. நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் கொப்பளித்தால் மருந்து வீணாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர் மருத்துவரைக் கேட்டுப் பற்பசையைத் தெரிவு செய்க. விலங்குப் பொருள் கலந்திருக்குமோ என்று ஐயுறுவோர்க்குப் பச்சைப் புள்ளியிட்ட பற்பசைகள் கடைகளில் கிடைக்கின்றன. கரித்தூளும் உப்பும் எனாமலைத் தேய்க்குமேயன்றிக் காக்கா.

ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். பலரும் அதனைப் பாற்பல் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பல்.

ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிந்தால் அதுவே சொத்தையின் தொடக்கம். அந்நிலையில் துளையின்றியே மீட்கலாம். விழா முடிந்ததும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கைவிளக்கு கொண்டு வந்திருக்கிறேன், ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்கிறேன். மிட்டாய் தின்பவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.