மூச்சை அடக்கும் முன்

 

அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டையை அறியாதவர் முசலியில் இல்லை. ஆங்கிலேய ஆளுநர் பிரடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. சிலாவத்துறையிலும் மருச்சுக்கட்டியிலும் சலாபம் நடைபெற்ற காலங்களில் கீழக்கரை முஸ்லிம்களும் பரதவர்களும் அரபு நாட்டவரும் இங்கே திரண்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்னர், 1344இல் புத்தளம் வந்த இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியிடம் இக்கடலின் முத்துக்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

அந்தக் குளியாளிகளிடம் காற்றுக் கலன் எதுவும் இருக்கவில்லை. காலுக்கு ஒரு கல், சிப்பி அள்ள ஒரு பை, மேலே தோணியில் கயிறு பிடிப்பதற்கு ஓர் ஆள். ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருப்பார்கள். தேர்ந்தவர்கள் ஒன்றரை நிமிடம் தாங்குவார்கள். அந்தக் கயிற்றுக்காரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திரும்பி வருவோம்.

மூச்சு எவ்வாறு நிகழ்கின்றது? நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள பிரிமென்றகடு என்னும் தசை கீழிறங்கும்போது நெஞ்சறை விரிகின்றது. உள்ளே அமுக்கம் குறைகின்றது. காற்று தானாகவே நுழைகின்றது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை லீற்றர் அளவில் காற்றை உள்ளெடுக்கின்றார். சுவாசப்பையின் சிற்றறைகளில் குருதி ஒட்சிசனை ஏற்று, காபனீரொட்சைட்டைக் கழிக்கின்றது. இதயத்தின் வலப்புறத்துக் குருதி சுவாசப்பை வழியாகவே இடப்புறம் சேருகின்றது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் மருத்துவர் இப்னு அந்நபீஸ். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

இளைஞர்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மூச்சை அடக்கும்போது, “இனி முடியாது, மூச்சு விடு” என்று உடல் கதறுகின்றதே, அது பிரதானமாக ஒட்சிசன் குறைவதால் எழும் கதறல் அன்று. காபனீரொட்சைட்டு கூடுவதை மூளையின் அடித்தண்டு உணர்ந்து எழுப்பும் எச்சரிக்கை அது. கடலிலோ குளத்திலோ யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டுபவர்கள், முதலில் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்குகின்றார்கள். அதனால் ஒட்சிசன் அதிகம் சேர்வதில்லை. குருதியில் அது ஏற்கெனவே நிறைந்தே இருக்கின்றது. காபனீரொட்சைட்டு மட்டுமே வெளியேறிவிடுகின்றது. எச்சரிக்கை மணி வாய்மூடிக்கொள்கின்றது. மூச்சு முட்டும் உணர்வே வராமல் ஒட்சிசன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்புகின்றது. பத்து மீற்றர் ஆழத்திலிருந்து மேலேறுபவருக்கு நீரின் அமுக்கம் பாதியாகக் குறைய, ஒட்சிசனின் அமுக்கமும் கூடவே வீழ்கின்றது. ஆகவே கரை கண்ட கடைசி நேரத்திலும் மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் இதில் தப்புவதில்லை.

நம் மூத்தோர் இதன் விஞ்ஞானத்தை அறியாதிருக்கலாம். ஆனால் கயிறு பிடிக்க ஆளின்றி அவர்கள் இறங்கவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பலர், 2009க்குப் பின்னர்தான் இம்மண்ணுக்கு மீண்டார்கள். இடையில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கடலை அருகிருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாமற் போயிற்று. பெற்றோர்களே, பந்தயத்துக்கு மூழ்காதே, வேக மூச்சு வாங்கி இறங்காதே, தனியே இறங்காதே என்று வீட்டிலேயே சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் செயற்கைச் சுவாச இயந்திரம் இருக்கின்றதே என்று சிலர் எண்ணலாம். அது காற்றைக் குழாய் வழியே உள்ளே தள்ளுகின்றது. 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகக் கையாலேயே காற்றுப்பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சளித்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதிலிருந்துதான் வளர்ந்தன. ஆயினும் ஒட்சிசன் இன்றி நான்கைந்து நிமிடங்கள் கழிந்தால் மூளை கெடத் தொடங்கும்; கெட்ட மூளையை எந்த இயந்திரமும் மீட்பதில்லை. சிலாவத்துறையிலிருந்து மன்னார் நகரம் ஐந்து நிமிடத் தூரமன்று.

நாம் வெளிவிடும் மூச்சிலும் ஏறத்தாழ 16 சதவீதம் ஒட்சிசன் எஞ்சியிருக்கின்றது. ஓர் உயிரைத் தாங்க அது போதும். மூச்சற்றவரைக் கரைசேர்த்ததும் தலைகீழாகத் தூக்குவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் நேரத்தை வீணாக்காதீர்கள். மல்லாக்கக் கிடத்தி, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு உயரும்படி வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து தடவை ஊதுங்கள். அப்போதும் அசைவும் மூச்சும் இல்லையாயின், மார்பின் நடுவே முப்பது தடவை அழுத்தி இரண்டு தடவை ஊதுங்கள்; உதவி வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். இதற்கிடையில் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கட்டும். மூச்சு மீண்டவர் எழுந்திருந்து பேசினாலும் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். சுவாசப்பைக்குள் புகுந்த நீர் சில மணித்தியாலங்கள் கழித்தும் மூச்சைத் தடுக்கக்கூடும். வைத்தியர் பார்த்து அனுப்பும்வரை வைத்தியசாலையிலேயே இருக்கட்டும்.