நாம் இருவர்: முதலில் நமக்குள் பேசுவோம்

(வல்லக்கோட்டையில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

தம்பதியர் கூட்டம் என்று சொல்லித்தான் உங்களை அழைத்தோம். வந்தவர்களோ ஆண்கள் எல்லாம் அந்தத் தூண் ஓரமும், பெண்கள் எல்லாம் இந்தப் பாயிலுமாக உட்கார்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை, இது நம் ஊர் வழக்கம். ஆனால் வீட்டிலும் இப்படியே ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

“நாம் இருவர், நமக்கு இருவர்” என்ற வாசகத்தை உங்களில் மூத்தவர்கள் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலே தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம் இருக்கும். நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-இல் தொடங்கியது. 1977-இல் அதற்குக் குடும்ப நலம் என்று பெயர் மாறிற்று. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஊர் ஊராக வந்து அந்த வாசகத்தின் பின்பாதியைத்தான் விளக்கினோம். எத்தனை குழந்தை, எப்போது, எந்த முறை என்று சொன்னோம். முன்பாதியை விட்டுவிட்டோம். நாம் இருவர் என்றால் என்ன? ஒருவர் தீர்மானம் செய்து, மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது இருவர் ஆகுமா? யோசித்துப் பாருங்கள்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த கிராமங்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் பின்னே எத்தனையோ கம்பெனிகள் வந்தன. ஆண்களோடு பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவருக்கு இரவு ஷிப்ட், அந்த அம்மாவுக்குக் காலை ஷிப்ட். அவர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவள் பஸ் ஏறிக்கொண்டிருப்பாள். “சோறு மூடி வச்சிருக்கேன்”, “பாப்பாவுக்கு மருந்து குடுத்தாச்சா”, “கேஸ் தீந்துபோச்சு” இவ்வளவுதான் பேச்சு. அந்தக் காலத்தில் எல்லாரும் மனம்விட்டுப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வரப்பில் நடந்தார்கள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. ஆகவே, பேசுவதற்கென்றே நாம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? நான் கண்ட ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பெண் குழந்தை. அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. கணவரிடம் சொல்லப் பயம். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, சாயா மாத்திரை வாங்கிக் கடுகு டப்பாவில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டு வந்தாள். ஒரு நாள் மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. “தலைவலி மாத்திரைங்க அத்தை” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அத்தனையையும் குப்பையில் போட்டாள். சில மாதங்களில் மறுபடி கர்ப்பம். முதல் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. ரத்தச் சோகை வேறு. வேலையும் போயிற்று.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கணவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். அவர் சொன்னார்: “வண்டிக் கடன் தீர்ற வரைக்கும் அடுத்த குழந்தை வேணாம்னுதான் சார் நானும் நெனச்சேன். அது தப்பா எடுத்துக்குமோன்னு கேக்கல.” பார்த்தீர்களா? இரண்டு பேர் மனத்திலும் இருந்தது ஒரே எண்ணம். அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளை அவர்கள் இழந்தது மருந்து இல்லாமல் அல்ல, பேச்சு இல்லாமல்.

ஊரார் கதையைச் சொன்னேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடை சிகிச்சையைப் பற்றி நான் மேடை மேடையாகப் பேசியவன். 1974-இல் சீனாவில் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த முறை அது. கத்தி இல்லை, தையல் இல்லை, சிறு துளைதான். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை குறையாது. மூன்று மாதம் வரை ஆணுறை உபயோகித்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவேன். என் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாள், படிவத்தை நீட்டினார்கள். என் மனைவி கையெழுத்துப் போட்டார். அவருக்கே அறுவை சிகிச்சை நடந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பல வருஷம் கழித்து ஒரு நாள், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: “ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, யார் செஞ்சுக்கலாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை.

நான் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனை குடும்பங்களிலும் கலந்து பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தார்களா? பெண்தான் செய்துகொள்ளக் கூடாது என்பதில்லை. கேட்காமலே அவள் தலையில் விழக்கூடாது என்பதுதான் நான் சொல்வது.

சரி, எப்படிப் பேசுவது? சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவரிடமும், அடுப்பில் கை வேலையாக இருப்பவளிடமும் பெரிய விஷயத்தை ஆரம்பிக்க வேண்டாம். குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். வார விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போனை உள்ளே வைத்துவிட்டு, நம் முருகன் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். நடந்துகொண்டே பேசினால் கூச்சம் குறையும்.

இரண்டாவது, வார்த்தை. “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால் சண்டைதான் வரும். “எனக்கு இப்படி இருக்குது” என்று தொடங்குங்கள். மற்றவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். முடிந்தபின், “நீ சொல்றது இதுதானே?” என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை, தப்பாகப் புரிந்துகொள்வதால் வருவதுதான்.

மூன்றாவது, பேச வேண்டிய விஷயங்கள். அடுத்த குழந்தை வேண்டுமா, எப்போது? அதுவரை யார் எந்த முறையைக் கடைப்பிடிப்பது? சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு? உடம்பில் என்ன தொந்தரவு? இந்த நான்கையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகனும் மருமகளும் தனியாக நாலு வார்த்தை பேசினால், “என்ன குசுகுசுன்னு பேச்சு?” என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சில்தான் உங்கள் பேரக் குழந்தையின் நலம் இருக்கிறது.

வீட்டில் பேச முடியவில்லையா? இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஆணுறை, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி எல்லாம் இலவசம். எது யாருக்குப் பொருந்தும் என்று பரிசோதித்துச் சொல்லுவோம். தாய்மார்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் உடம்புக்கான சிகிச்சைக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. கலந்து பேசுங்கள் என்று நான் சொல்வது அனுமதி வாங்குவதற்காக அல்ல, பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வதற்காக. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

பேச வாயைத் திறந்தாலே கை ஓங்குகிற வீடுகளும் உண்டு. அங்கே பொறுத்துப்போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட தாய்மார்கள் 181 என்ற எண்ணுக்குத் தயங்காமல் போன் செய்யுங்கள். அடிப்பது குற்றம். அதற்குச் சட்டம் இருக்கிறது.

நான் என் மனைவியிடம் இப்போது கேட்டுத்தான் எதையும் செய்கிறேன். காலம் கடந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ஆண்கள் முன்னாலும் பெண்கள் பத்தடி பின்னாலுமாகப் போகாதீர்கள். இன்றைக்கு ஒரு நாளாவது பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீடு போய்ச் சேருங்கள். வழியில் அவரவர் துணையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உன் மனசுல என்ன இருக்கு?” பதில் வரும் வரை காத்திருங்கள்.