எங்கள் மாமா
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்னுபோச்சு. எழுதி வச்சுத்தான் படிக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

"உங்களுக்கு உதவியாக இருந்தவர் ஒருவரைப் பற்றிப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. நான் போன வருஷம் காலமான என் மாமனாரைப் பற்றிப் பேசப் போறேன். மாமான்னுதான் கூப்பிடுவேன்.

நம்ம வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. மாமாவும் 1968-ல் பத்தொன்பது வயசில் சேர்ந்தார். பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ். அந்தப் படைக்காரர்களைப் பட்டாளத்தில் மற்றவங்க 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்களாம். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது இவங்க வேலை. துப்பாக்கிக்காரனுக்கு முன்னாடி நாங்க போகணும்னு மாமா சொல்லுவார்.

1971 டிசம்பர் சண்டையில் மாமா பஞ்சாப் பக்கம் இருந்தார். பசந்தர்னு ஒரு ஆறு. அங்கே எதிரி புதைச்ச கண்ணிவெடிக்கு நடுவில் நம்ம டாங்கி போக ராத்திரியில் வழி பண்ணியிருக்காங்க. குப்புறப் படுத்துக்கிட்டு கம்பியைச் சாய்வா மண்ணில் விட்டுப் பார்க்கணுமாம், நேரா குத்தினா அவ்வளவுதான். மேலே குண்டு வந்து விழுந்துக்கிட்டே இருக்கும். அந்த வேலையை முன்னால் நின்று நடத்தின மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கேயே இறந்துட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தாங்க. என் வீட்டுக்காரருக்கு வச்சது அந்த ஆபீசர் பேர்தான். நிறையப் பேர் நடிகர் பேர்னு நினைச்சுக்கிறாங்க. நடிகர் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே வச்ச பேர் அது.

சண்டையைப் பற்றி மாமா பேசினது இவ்வளவுதான். ஊரில் சுதந்திர தினத்துக்குக் கூப்பிட்டுத் துண்டு போடுவாங்க, வாங்கிக்கிட்டு வந்துடுவார்.

அவர் பேசாத இன்னொன்று உண்டு. அதை அத்தைதான் எனக்குச் சொன்னாங்க. முதல் குழந்தை பொண்ணு. எட்டு மாசத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோச்சு. மாமா அப்போ வடக்கே இருந்தார். தந்தி போய்ச் சேர்ந்து, லீவு கிடைச்சு, ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி வீட்டுக்கு வந்தப்போ பதினாறாம் நாள். அத்தை ஒன்னும் கேக்கலையாம். ஒரு சொம்பு தண்ணி கொடுத்திருக்காங்க. அவர் வாங்கிக் குடிச்சிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லைன்னு சொன்னாங்க.

1985-ல் ஹவில்தாரா ஓய்வு பெற்று வந்தவர், வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கினதில்லை. என் ரெண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்னவர் அவர்தான். என் வீட்டுக்காரர் தூங்கிட்டார், அதையும் சொல்லிடறேன்.

நான் குழுவுக்குக் கணக்கு எழுத ஆரம்பிச்சப்போ மாமாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டார், மாட்டையும் பார்த்துக்கிட்டார். "பட்டாளத்தார் சாணி அள்ளுறாரே"ன்னு தெருவில் சிரிச்சாங்க. "வெடி தோண்டின கை சாணி அள்ளாதா?"ன்னு கேட்டுட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். என் ரொக்கப் புத்தகத்தில் பத்து ரூபா உதைச்சாலும் விடமாட்டார். உட்கார வச்சுத் திரும்பக் கூட்டச் சொல்லுவார். அப்போ கோபமா வரும்.

2016-ல் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துபோச்சு. குளிப்பாட்டுறது நானும் மாமாவும். தலை பின்னுறது மாமா மட்டும்தான், என்னை விடமாட்டார். பாலத்துக்குக் கயிறு கட்டிப் பழகின கை, சடையையும் அப்படித்தான் இழுத்துக் கட்டுவார். அத்தை வலிக்குதுன்னு கத்துவாங்க. என் பொண்ணுக்கும் அவரே பின்னி விடுவார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் ஒரு முடி கலைஞ்சிருக்காது.

இப்போ சொல்லப் போறதை முன்னாள் ராணுவத்தார் வீட்டுப் பெண்கள் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் இறந்தப்புறம்தான் தெரிஞ்சது, மனைவி பேரே ரெக்கார்டில் ஏறலைன்னு. குடும்பப் பென்ஷனுக்கு நாலு வருஷம் அலைஞ்சாங்க. அதைப் பார்த்துட்டு மாமா தன்னுடைய பிபிஓ-வை எடுத்துப் பார்த்தார். அத்தை பேரில் ரெண்டு எழுத்து விட்டுப்போயிருந்தது, பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகலை.

அப்போ மாமாவுக்கு வயசு அறுபத்தொன்பது. அபிடவிட், ஆதார் நகல், ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு, வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம்னு ரெண்டு வருஷம் நடந்தார். மனுவை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. "விடுங்க மாமா, பென்ஷன் உங்களுக்கு வந்துக்கிட்டுதானே இருக்கு"ன்னு நான் சொன்னேன். "எனக்கு வருது. அவளுக்கு வரணும். அன்னைக்குத்தான் லேட்டா வந்தேன்"னு சொன்னார். நான் வாயை மூடிக்கிட்டேன்.

புருஷன் பொண்டாட்டி சேர்ந்து எடுத்த போட்டோ கேட்டாங்க. அத்தையால் ஸ்டுடியோவுக்கு வர முடியாது. போட்டோக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். அன்னைக்கு மட்டும் சடையைத் தளர்வாப் பின்னினார். திருத்தின பிபிஓ வந்த அன்னைக்கு அதை அத்தை மடியில் வச்சு, பேரை எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டினார்.

மாமா போய் மூணாவது மாசமே அத்தை கணக்கில் பணம் ஏறிடுச்சு. யாரும் எந்த ஆபீசுக்கும் போய் நிக்கலை. உங்க வீட்டில் பிபிஓ இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆதாரோடு எடுத்துட்டு வாங்க. பேரும் தேதியும் ஒத்துப்போகுதான்னு நான் பார்த்துச் சொல்றேன். வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கவும் மறந்துடாதீங்க.

மாலை போட மாமாவுக்குத் தனியா நல்ல போட்டோ கிடைக்கலை. அந்தப் பென்ஷன் போட்டோவைத்தான் வெட்டி பிரேம் போட்டோம். சரியா வெட்ட வரலை. ஓரத்தில் அத்தையோட தோளும் சடை நுனியும் தெரியும். யாராவது வந்து பார்த்தா அத்தை இடது கையை நீட்டி, "அது நான்"னு சொல்லுவாங்க.