கணக்கில் பெயிலானது யார்?

(பேலியகொடையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் சங்கம் நடத்திய ஞாயிறு சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்துக்கு வருவதற்கு முன் விடியற்காலையில் மெனிங் சந்தைக்குள் கொஞ்ச நேரம் சுற்றினோம். 2020 நவம்பரில் புறக்கோட்டையை விட்டு இங்கே பேலியகொடைக்கு வந்த சந்தைதான். நுவரெலியா லொறியிலிருந்து கரட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் படித்த தம்பி ஒருவர் அங்கே நிற்கிறார். 17 மூட்டை, மூட்டைக்கு 48 கிலோ. முதலாளி கேட்ட உடனே "816" என்றார். பேனா இல்லை, போனைத் தொடவும் இல்லை. எப்படிப் போட்டாய் என்று கேட்டோம். "இருபது மூட்டைன்னா 960 சேர். மூணு மூட்டைக்கு 144. கழிச்சா சரி" என்றார்.

"தம்பி, சாதாரண தரத்தில கணக்குக்கு என்ன எடுத்தாய்?" என்று அடுத்துக் கேட்டோம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "டபிள்யூ சேர். ரெண்டு தரமும் டபிள்யூதான்."

அவர் செய்தது என்ன? 17ஐ 20 கழித்தல் 3 என்று உடைத்து, இரண்டையும் தனித்தனியாக 48ஆல் பெருக்கிக் கழித்தார். வகுப்பில் இதற்கு 'அடைப்புக்குறியை நீக்குக' என்று பெயர். கரும்பலகையில் எக்ஸ், வை போட்டு நாங்கள் இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் இந்தத் தம்பி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த விசயத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இதை ஆசிரியர்களாகிய நாங்கள் வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. பிரேசில் நாட்டில் ரெசிபி என்றொரு நகரம். தெரெசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று பேர் அங்கே சந்தையில் தேங்காய், பழம் விற்ற 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 கேள்விக்குச் சரியான விடை. அதே வகைக் கணக்கைப் பிறகு தாளில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தார்கள். 37தான் சரி. இதை 1985இல் வெளியிட்டார்கள். ஐந்து பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். 2025இல் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் பெரும் எண்ணிக்கையான பிள்ளைகளைப் பார்த்து எழுதியதும் இதையேதான் சொல்கிறது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

அப்படியானால் சந்தையே போதும், எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்பவர்களும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. மூட்டைக் கணக்கு மூட்டையோடு நின்றுவிடும். உயர்தரம் படிக்க வேண்டுமானால் ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்துக்குத் திறமைச் சித்தி வேண்டும். தமிழில் ஏ, சமயத்தில் ஏ, வரலாற்றில் பி எடுத்த பிள்ளை கணக்கில் டபிள்யூ என்றால் வாசலிலேயே நிற்கிறது. அரசாங்க வேலை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் கணிதம் உட்பட என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால்தான் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் பேலியகொடையில் இருக்கிறீர்கள். கை தூக்கச் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும்.

கணக்குத் தெரியாமல் வைத்திருப்பது தோட்டத்தில் பழைய ஏற்பாடு. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய சீட்டு வேண்டும். எழுதுவது ஒருவர், சுமப்பது இன்னொருவர். சுமந்தவருக்கு அதில் உள்ள எண்ணை வாசிக்கத் தெரியாது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். கூட்டவும் கழிக்கவும் தெரிந்தவருக்குத் தோட்டத்தில் ஒரு பதவியே இருந்தது: கணக்கப்பிள்ளை. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்.

1920 கல்விச் சட்டம் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. ஒரு மடுவம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் வெளியில்தான் நின்றன. 1972 சீர்திருத்தத்தில் கணிதம் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயப் பாடம் ஆனது. நல்ல விசயம். ஆனால் அப்போது நமது பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வகுப்பே கிடையாது. ஊரெல்லாம் ஏணி வைத்தார்கள், நமக்கு முதல் நாலு படியோடு முடிந்தது. அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது 70களிலும் அதற்குப் பிறகும்தான்.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. நாங்களே அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியராகப் போனவர்கள். ஆனால் எங்கள் பாடசாலையில் ஒரு வருடம் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தவணை கணித ஆசிரியர் இல்லை. சங்கீத டீச்சர் புத்தகத்தைப் பார்த்து எழுதிப்போட்டார், பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான். அந்த வருடத்துப் பெறுபேறு வந்ததும் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது." டவுனில் டியூசன் இருக்கிறது, உண்மைதான். பஸ் காசும் டியூசன் காசும் சேர்த்தால் அம்மா மலையில் இரண்டு மூன்று நாள் கொழுந்து பறித்த சம்பளம்.

இன்னொரு விசயம். பிள்ளை பதினோராம் வகுப்பில் பெயிலாவதில்லை. நாலாம் ஐந்தாம் வகுப்பில் பின்னம் வரும்போதே விழுந்துவிடுகிறது. அரையும் காலும் சேர்ந்தால் என்ன என்று தெரியாத பிள்ளை, பிறகு சதவீதம், வட்டி, அட்சரகணிதம் எல்லாவற்றையும் பாடமாக்கித்தான் தாண்டப் பார்க்கும். புலமைப்பரிசில் ஓட்டத்தில் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

இப்போது புதிய சீர்திருத்தம். 2026இல் முதலாம் தரத்தில் தொடங்கிவிட்டது. ஆறாம் தரத்துக்கும் இந்த வருடமே வருவதாக இருந்தது, ஆங்கில மொடியூல் பிரச்சினையால் 2027க்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகத்துக்குப் பதிலாக மொடியூல், பரீட்சைச் சுமையைக் குறைப்பது, சாதாரண தரப் பாடங்களை ஏழாகக் குறைப்பது என்பதெல்லாம் திட்டத்தில் இருக்கிறது. பாடமாக்குவதைக் குறைத்து செய்து பார்க்க வைப்பது என்ற எண்ணத்தை நாங்கள் வரவேற்கிறோம். மூட்டைக் கணக்கு வகுப்புக்குள் வர அதுதான் வழி. பயம் வேறு இடத்தில். வருடம் முழுவதும் வகுப்பிலேயே பிள்ளையை மதிப்பிட வேண்டும் என்றால் வருடம் முழுவதும் வகுப்பில் ஆசிரியர் இருக்க வேண்டும். இன்டர்நெட் கிடைக்காத டிவிசனில் மொடியூலை எதில் திறப்பது? கொழும்பில் ஒரு பாடசாலைக்கும் லயத்துக்குப் பக்கத்தில் உள்ள பாடசாலைக்கும் ஒரே நாளில் ஒரே சுற்றறிக்கை வரும். ஆசிரியர் மட்டும் ஒரே நாளில் வரமாட்டார்.

சாதாரண தரம் பெயிலான பிள்ளைகளுக்கு 2017இலிருந்து 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் இருக்கிறது, தொழிற்கல்விக்குப் போகலாம். அது நல்ல கதவுதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளை என்றவுடன் அந்தக் கதவை மட்டும் காட்டுவதை ஏற்க முடியாது.

கணக்கு வேலைக்கு மட்டுமா வேண்டும்? அம்மாமாரே, இது உங்களுக்கு. எங்கள் எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் பைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுக்காமலே இரண்டு கிலோ கழிக்கிறார்கள். மாதம் 20 நாள் வேலை. எத்தனை கிலோ போகும்? 120 கிலோ. மேலதிக கிலோவுக்கு 50 ரூபா என்று வைத்தால் 6,000 ரூபா. ஒரு பிள்ளை இதை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டது. மறுநாள் அதன் அம்மா மடுவத்தில் வெறும் பையைத் தராசில் தொங்கவிட்டு, "இது எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க ஐயா" என்று கேட்டிருக்கிறார். பை அரைக் கிலோவும் இல்லை. அன்றைக்கு ஈரமும் இல்லை, நல்ல வெயில். இரண்டு நாள் கழித்து எங்களை அழைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். பாடம்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினோம், பெருக்கல் பாடம். இப்போது அந்த மடுவத்தில் பையை நிறுத்துத்தான் கழிக்கிறார்கள்.

சம்பளச் சீட்டும் அப்படித்தான். அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபா, மாதம் 25 நாள் என்றால் 38,750. அதில் உங்களிடமிருந்து சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், 3,100 ரூபா பிடிப்பார்கள். கம்பனி தன் பங்காக 12 வீதம், 4,650 போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 7,750 உங்கள் பெயரில் ஏற வேண்டும். நம்பிக்கை நிதிக்குக் கம்பனி போடும் 3 வீதம் தனி. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் மலை ஏறிய அம்மாவுக்கு 420 நாள் சம்பளம், இந்தக் கணக்கில் 6,51,000 ரூபா. இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.

சங்கம் கல்வி அமைச்சுக்குக் கொடுக்கப்போகும் மகஜரில் முதல் கோரிக்கை, ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர், அதுவும் குறைந்தது ஐந்து வருடமாவது அங்கேயே இருப்பவர். முன்பு 6,000 ரூபா கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளர்களை நியமித்து வருடக்கணக்கில் இழுத்தடித்தது போல இனிச் செய்யக் கூடாது. உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவு பிள்ளை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஆறாம் தர மொடியூல் தமிழில் சரிபார்க்கப்பட்டு, அச்சில், தவணை தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். மகஜரில் பெற்றோர் கையெழுத்துத்தான் பலம், வெளியே மேசையில் தாள் இருக்கிறது.

தம்பிமாரே, கணக்கை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம். வயது பிரச்சினை இல்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணியிலிருந்து இதே மண்டபத்தில் வகுப்புத் தொடங்குகிறோம். இராத்திரி வேலை செய்தவர்கள் தூங்கி எழுந்து வரத்தான் அந்த நேரம். காசு இல்லை. முதல் பாடம் பின்னம், நாலாம் வகுப்பிலிருந்து. யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள், வீட்டில் இருந்தால் அம்மாவின் பழைய சம்பளச் சீட்டு ஒன்றும்.