வெள்ளணுவின் பிடியும் பம்பாய் ரத்தமும்

ரத்த வெள்ளணுக்கள் கிருமி புகுந்த இடத்தை அடைய, ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்தப் பிடி அவற்றின் மேற்புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளைச் சார்ந்தது. காபியில் போடும் சர்க்கரை அல்ல. சியாலிக் அமிலம், காலக்டோஸ், ஃபியூகோஸ் முதலியவை கோத்த சிறு சங்கிலி. சியாலில் லூயிஸ் எக்ஸ் என்பது அதன் பெயர்.

அழற்சி உண்டானதும் குழாய்ச் சுவரின் செல்கள் செலக்டின் என்ற புரதத்தை வெளிக்காட்டுகின்றன. அது இந்தச் சங்கிலியைப் பற்றும், விடும், மறுபடி பற்றும். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தவர் சில அடி கூடவே ஓடி நிற்பதுபோல, வெள்ளணு சுவரில் உருண்டு வேகம் தணிகிறது. பிறகே இன்டெக்ரின் என்ற வேறு புரதம் அதை இறுக்கி நிறுத்துகிறது. சங்கிலியில் ஃபியூகோஸ் இல்லாவிட்டால் உருளுவதே நடக்காது.

இதே ஃபியூகோஸின் குறை இந்தியாவில் வேறு வழியாக வெளிப்பட்டது. 1952-இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் சகாக்களும் ஏ, பி மட்டுமல்ல, எச் குறியும் இல்லாத ரத்தத்தைக் கண்டனர். சிவப்பணுவில் ஃபியூகோஸ் சேர்ந்தால்தான் எச் குறி உருவாகும். அதன்மேல்தான் ஏ, பி அமையும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இந்தப் ‘பம்பாய் வகை’ என்பது வழக்கமான கணக்கு. எந்த ரத்த வங்கியிலும் முதற்சோதனையில் இது ‘ஓ’ என்றே தெரியும். சீரத்தை ‘ஓ’ சிவப்பணுக்களுடன் கலக்கும்போது அவை கட்டிப்போவதே காட்டிக்கொடுக்கும்.

பம்பாய் வகையினரின் வெள்ளணுக்களுக்குக் குறையில்லை. அவற்றில் ஃபியூகோஸைச் சேர்க்கும் நொதி வேறு. ஆனால் 1992-இல் இஸ்ரேலில் எட்சியோனி குழு விவரித்த இரு சிறுவர்களுக்குப் பம்பாய் வகை ரத்தத்தோடு தொடர் தொற்றும் இருந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுதி; தொற்றிய இடத்திலோ சீழ் இல்லை. வளர்ச்சியும் அறிவுத்திறனும் பின்தங்கியிருந்தன. செல்லுக்குள் ஃபியூகோஸைக் கோல்கி உறுப்புக்கு ஏற்றிச்செல்லும் புரதத்தின் மரபணுவே பழுது என்பது 2001-இல் தெரிந்தது. அங்கே சரக்கே போய்ச் சேராததால் ஃபியூகோஸைச் சேர்க்கும் எந்த நொதிக்கும் அங்கே வேலையில்லை. சில குழந்தைகளுக்கு ஃபியூகோஸை வாய்வழி கொடுத்ததில் தொற்று குறைந்தது.

ஆகவே பம்பாய் வகை என்று அறிந்தவர்கள் வெள்ளணுவை நினைத்து அஞ்ச வேண்டாம். ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வைப்பதே அவசரம். அவர்களுக்கு ரத்தம் தர இன்னொரு பம்பாய் வகையினரால் மட்டுமே முடியும்.