கொலின் கௌட்ரியின் இளமைக்காலம்



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் நின்றவர்க்கு அம்மொழியின் உண்மையும் தெரியும்; குறையும் தெரியும். முளையிலே செழித்துத் தோன்றிய பயிர்கள் பல, கதிர் முற்றாமுன்னரே கருகிப் போவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆதலின், முளையிலே தெரிந்து பின்னர் நன்றாக விளைந்த பயிர் ஒன்றைக் காணும்போது, இடையிலே நிகழ்ந்தது யாது என வினவுதல் பயனுடைத்து. அத்தகைய ஒருவரைக் கிரிக்கெட் உலகிலிருந்து எடுத்து இன்று தங்கள் முன் வைக்கின்றேன். அவரே இங்கிலாந்தின் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் கொலின் கௌட்ரி.

கௌட்ரி பிறந்தது இங்கிலாந்திலன்று. நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலத்தில் 1932ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி பிறந்தார். தந்தையார் தேயிலைத் தோட்டத் துரை. கிரிக்கெட்டில் அளவிறந்த பற்றுடையவர். மகனுக்கு மைக்கல் கொலின் கௌட்ரி எனப் பெயரிட்டார். முதலெழுத்துகளைக் கூட்டினால் எம். சி. சி. என வரும். லோர்ட்ஸ் மைதானத்துக்கு உரிமை பூண்ட பழம்பெருங் கழகத்தின் பெயர் அது! தொட்டிலில் கிடக்கும்போதே இவ்வளவு பெரிய எதிர்பார்ப்பைத் தாங்கிய குழந்தைகள் சிலரே.

1938இல் அவரை இங்கிலாந்திலே பள்ளியிற் சேர்த்துவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டது. கடல்வழி அபாயமாயிற்று. ஏறத்தாழ ஏழாண்டுகள் அச்சிறுவர் தாய்தந்தையர் முகத்தைக் காணாமலே வளர்ந்தார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. ஏழு வயதளவில், பள்ளி ஆட்டமொன்றில் அவர் நூறு ஓட்டங்கள் எடுத்துவிட்டதாகக் கருதப்பட்டது. மீண்டும் எண்ணிப் பார்க்க, தொகை 93 ஆயிற்று. சிறுவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! தலைமையாசிரியர் சாள்ஸ் வோல்போர்ட் கண்டிப்பு மிகுந்தவர். எனினும் அவர், அந்நாளைய மாபெரும் வீரரான ஜாக் ஹொப்சுக்கு இச்செய்தியைக் கடிதமாக எழுதினார். ஹொப்ஸ் பாராட்டுக் கடிதத்தோடு ஒரு துடுப்பையும் அச்சிறுவருக்கு அனுப்பிவைத்தார்.

பின்னர் கௌட்ரி டன்பிரிட்ஜ் பள்ளியிற் சேர்ந்தார். 1946இல், பதின்மூன்று வயதில், கிளிப்டன் பள்ளிக்கு எதிராக லோர்ட்ஸ் மைதானத்தில் ஆடினார். இரண்டு இன்னிங்சுகளிலும் முறையே 75, 44 ஓட்டங்கள் எடுத்து, எட்டு விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவருடைய பள்ளி இரண்டே ஓட்டங்களால் வென்றது. 1950இல் பதினேழு வயதிலே கென்ட் மாகாண அணியில் இடம்பெற்றார். அங்கு எடுத்த எடுப்பிலேயே சதங்கள் குவிந்தன என எண்ணவேண்டா. முதல் ஆட்டத்தில் அவர் பெற்றவை 15உம் 26உமே. அடுத்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் புகுந்து, 1954இல் அதன் அணித்தலைவரானார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில், லென் ஹட்டன் தலைமையில் அவுஸ்திரேலியா சென்ற அணியோடு புறப்பட்டார். அங்கே சென்றடைந்த வேளையில், தந்தையார் காலமானார் என்ற செய்தி எட்டியது. பிள்ளைப் பருவத்தில் ஏழாண்டு பிரிந்திருந்து மீண்டும் பெற்ற தந்தை! அவர் முகத்தை இறுதியாகக் காணவும் வழியில்லை. வயதோ இருபத்தொன்று.

அவர் சோர்ந்து போயிருந்தால் யாரும் குறைகூறியிரார். எனினும், நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு எதிராக 110, 103 என இரு இன்னிங்சிலும் சதமடித்தார். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்து படுதோல்வியுற்றது. சிட்னியில் 38 ஓட்டங்களால் வென்று ஈடுசெய்தது. மூன்றாம் டெஸ்ட் மெல்பேர்ணில் டிசெம்பர் 31ஆந் திகதி தொடங்கியது. கீத் மில்லரின் பந்துவீச்சு அனல் கக்கியது. 41 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் சரிந்தன. அவ்விடத்தே நிலைத்து நின்று கௌட்ரி எடுத்தவை 102. அணியின் மொத்தத் தொகையே 191தான். இங்கிலாந்து அவ்வாட்டத்தில் 128 ஓட்டங்களால் வென்று, தொடரையும் 3க்கு 1 எனக் கைப்பற்றியது.

பிற்காலத்தில் அவர் 114 டெஸ்ட் ஆட்டங்களில் 22 சதங்கள் கண்டார். 1968இல், நூறு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடிய முதல் மனிதர் என்ற பெருமையும் பெற்றார். 2000ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பெயரால் லோர்ட்சில் நிகழும் நினைவுப் பேருரையை 2011இல் ஆற்றியவர் நம் நாட்டின் குமார் சங்கக்கார என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இவ்வரலாறு பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கூறுவது யாது? 93ஐ எவரும் நூறு என்று கூட்டிச் சொல்லவில்லை. பொய்க்கணக்கால் பிள்ளையை மகிழ்விப்பது அன்பாகாது. ஆனால், 93தானே என்று ஒதுக்கிவிடவும் இல்லை. உண்மையைச் சொன்ன பின்னர், ஒரு கடிதம் எழுதவும் அத்தலைமையாசிரியருக்கு நேரமிருந்தது. நம் வகுப்பறைகளிலும் நூறுக்குச் சற்றே குறைந்து நிற்கும் பிள்ளைகள் பலருளர். சிலருடைய தந்தையர் தொலைவிலே தொழில் செய்கின்றனர்; சிலருக்குத் தந்தையரே இல்லை. அவர்களுக்காக ஒரு கடிதம் எழுதவோ, ஒரு நல்ல சொல் சொல்லவோ நமக்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. இன்றே அதனைச் செய்வோமாக.