கப்பல் போகட்டும், ஜாமீன் இருக்கட்டும்



2010 ஆகஸ்ட் 7 அன்று நம் பம்பாய்த் துறைமுக வாசலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டியது. மீனவர் தொழில் முடங்கியது.

மோதிய கப்பல் வெளிநாடு போய்விட்டால் நஷ்டத்தை யாரிடம் கேட்பது?

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் பாக்கி கட்டாமல் சரக்கு வெளியேறாது. கடலிலும் அதே நியாயம்தான். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் கடலில் இருக்கும்போதே கப்பலை உயர்நீதிமன்றம் பிடித்து வைக்கலாம். முதலாளி பணமோ பாங்கு ஜாமீனோ கொடுத்தால் கப்பல் போகும். ஜாமீன் இங்கே நிற்கும்.

பலர் பங்கு கேட்டு வந்தால் மாலுமியின் சம்பளப் பாக்கி முதலில்; உயிர்ச்சேதமும் காயமும் அடுத்து. ஆனால் கப்பல்மீது இந்தப் பிடி சம்பளத்துக்கு இரண்டு வருஷம், மற்றவற்றுக்கு ஒரே வருஷம்!

ஆகவே பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பிய குடும்பங்களே, ஆபத்தென்றால் அழுதுகொண்டு வீட்டில் இராதீர்கள். அன்றே சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து கேட்போம்!